கனரக லைசன்ஸ் எடுத்தாயிற்று, எந்த முதலாளியிடம் சேர்வது?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீர் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் கொடிகாமம், வயது 24. மூன்று வருடம் பட்டா என்கிற சின்ன லொறி ஓடியிருக்கிறீர். இப்போது கனரக வாகன லைசன்ஸும் கைக்கு வந்துவிட்டது. மூன்று இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் களஞ்சியம் வைத்துக் கடைகளுக்குச் சாமான் கொடுக்கும் கொம்பனி ஒன்று, மாதம் 60,000. ஊரிலேயே டிப்பர் வைத்திருப்பவர் ஒருவர், லோட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு, மாதம் ஒரு லட்சம் தாண்டும் என்கிறாராம். நாலு லொறி வைத்துக் கொழும்பு ஓட்டும் முதலாளி ஒருவர், ட்ரிப்புக்குக் காசு, சாப்பாடு வேறு. எதில் சேரலாம் என்பது கேள்வி.

நான் யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 பாதை 2002 இல் திறந்தபோது கிளீனராக லொறியில் ஏறினவன். 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட, ஊரில் லாண்ட்மாஸ்டர் என்கிற கைஉழவு இயந்திரம் ஓடிக் காலம் தள்ளினேன். யுத்தம் முடிந்து பாதை திரும்பத் திறந்த பிறகு பன்னிரண்டு வருடம் சாரதி. இப்போது முதுகு விடாது. ஒரு மொத்த வியாபாரியின் ஆறு லொறிகளையும் பார்க்கிறேன், சாரதிமாரை எடுப்பதும் நான்தான். ஆகவே சாரதியின் நியாயமும் தெரியும், முதலாளியின் நியாயமும் தெரியும். இரண்டு பக்கத்துக் கள்ளமும் தெரியும்.

லொறி ஓடினால் எவ்வளவு தருவார்கள் என்று மூன்று பேரிடமும் வடிவாகக் கேட்டிருக்கிறீர். லொறி நின்றால் என்ன நடக்கும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லைப் போலிருக்கிறது. ஓடும்போது எல்லா முதலாளியும் நல்லவர்தான். டயர் வெடித்து நிற்கிற நேரம், பொலிஸ் மறித்து நிற்கிற நேரம், கொழும்புப் புறக்கோட்டையில் சாமான் இறக்குகிற தொழிலாளிகளான நாட்டாமைமார் வராமல் அரை நாள் நிற்கிற நேரம், உமக்குக் காய்ச்சல் வந்து லொறி முற்றத்தில் நிற்கிற நேரம், அப்போதுதான் ஆளைத் தெரியும்.

நான் சாரதியான பிறகு என்னுடைய முதல் முதலாளி ஊருக்குள் எல்லோரையும் விடக் கூடின காசு தந்தவர். பெயர் வேண்டாம். 2011 மாரி காலம், கொழும்பிலிருந்து சீமெந்து ஏற்றி வருகிறோம். மாங்குளத்துக்கு இந்தப் பக்கம், விடியப்புறம் இரண்டரை மணி இருக்கும், பின் டயர் வெடித்தது. ஸ்பெயார் என்று கட்டியிருந்தது கம்பி தெரிகிற பழசு, அதிலும் காற்றில்லை. முதலாளிக்கு அடித்தால் போன் நிற்பாட்டி. மழையோ விடுவதாக இல்லை, படங்கில் ஓட்டை. நானும் கிளீனர்ப் பொடியனும் இரண்டு இரவு அந்தச் சீமெந்துக்குக் காவல் இருந்தோம். மூன்றாம் நாள்தான் டயர் வந்தது. மாதம் முடியக் கணக்குப் பார்த்தால், நனைந்த எட்டு மூடையின் விலை என் கணக்கில் கழிந்திருக்கிறது. நின்ற நாட்களுக்கு ட்ரிப் இல்லை என்பதால் காசும் இல்லை. வாய் திறந்து கேட்டேன். "சாமான் உன்ர பொறுப்புத்தானே" என்றார். ஓட்டைப் படங்கு யாருடைய பொறுப்பு என்று திருப்பிக் கேட்க அந்த வயதில் எனக்கு வாய் வரவில்லை.

சரி, உம்முடைய மூன்று இடத்துக்கும் வருவோம். டிப்பரை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சட்டப்படி ஓடுகிற டிப்பர்கள் நிறைய உண்டு, அந்தத் தொழிலையே குறை சொல்ல வரவில்லை. ஆனால் மணல், கிரவல் ஏற்றுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். ஏற்றிக்கொண்டு போகிற அனுமதிப் பத்திரத்தில் வாகன இலக்கம், திகதி, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் இருக்கும். லோட்டுக்கு லோட்டு அந்தப் பத்திரம் உம்முடைய கையில் வருமா என்று அவரைக் கேளும். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்வன், நீர் ஓடும்" என்று பதில் வந்தால் அத்தோடு கதையை முடித்துக்கொண்டு வாரும். மணற்காட்டிலோ கிளாலியிலோ இரவில் மறித்தால் ஸ்டியரிங்கில் இருப்பவர் நீர். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறுவதும் நீர். முதலாளி சட்டத்தரணி பிடித்து முதலில் மீட்கப் பார்ப்பது லொறியைத்தான். மறித்தால் நிற்காமல் ஓடச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நிற்காத டிப்பருக்குத் துப்பாக்கிச் சூடு விழுந்த செய்தி வடக்கில் புதுசில்லை. லோட்டுக் கணக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நாளுக்கு ஐந்து லோட் அடிக்கிறவன் ஆறு அடிக்கப் பார்ப்பான், அந்த ஆறாவது லோட்டைப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஓட்டுவான். புதுச் சாரதிக்கு அந்த ஆசை நல்லதல்ல.

விநியோகக் கொம்பனியைப் பற்றி நீர் "சின்ன வேலை" என்று எழுதியிருந்தீர். அந்த இடத்தில்தான் உம்மோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கொழும்பு வீதியில் நூறு கிலோமீற்றர் நேரே ஓடினால் முன்னுக்கு ஓட்டப் பழகலாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஒரு வருடம் சாமான் போட்டவனுக்கு லொறியின் நாலு மூலையும் கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு பக்கம் மதில், மறு பக்கம் வாய்க்கால், தலைக்கு மேலே தாழ்ந்த வயர், பின்னால் ஹோர்ன் அடிக்கிற ஓட்டோ. அதற்குள் பின்னுக்கு எடுத்துக் கடை வாசலில் நிற்பாட்டுகிறவன் பிறகு எந்தத் துறைமுகத்திலும் எந்தக் களஞ்சியத்திலும் திணற மாட்டான். நான் ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது பின்னுக்கு எடுக்கிற விதத்தைத்தான். வேகம் யாருக்கும் வரும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பாதையைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சாமான் கொடுத்துவிட்டு வருகிற பொறுமையும் அந்த வேலையில்தான் வரும்.

ஆனாலும் அங்கேயும் கேட்க வேண்டியவை உண்டு. கடைக்காரரிடம் காசு வாங்குவது விற்பனைப் பிரதிநிதியா, சாரதியா? சாரதி என்றால், காசு குறைந்தால் யார் கட்டுவது? பெட்டி எண்ணி ஏற்றும்போது நீர் பக்கத்தில் நிற்க விடுவார்களா, அல்லது பூட்டிய லொறியைத் தந்து கையெழுத்து மட்டும் வாங்குவார்களா? எண்ணாத சாமானுக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம், எத்தனை பேர் "எல்லோரும் வைக்கிறவைதானே" என்றாலும். இறக்கி ஏற்ற ஆள் உண்டா, நீரும் தோள் கொடுக்க வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடும். தோள் கொடுப்பதில் பிழையில்லை, பிறகு தெரிந்து மனம் சலிப்பதுதான் பிழை. முக்கியமாக, அங்கே நிற்பது எல்ஃப், கன்ரர் மாதிரிச் சின்ன லொறி மட்டும்தானா, பெரிய லொறியும் உண்டா? உண்டென்றால் எத்தனை மாதத்தில் உம்மை அதில் ஏற்றுவார்கள்? இல்லையென்றால் எடுத்த லைசன்ஸ் பொக்கெற்றிலேயே கிடக்கும்.

கொம்பனி என்றால் ஊழியர் சேமலாப நிதியம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம். உம்மிடம் 8 வீதம் கழிப்பார்கள், அவர்கள் 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர்களே 3 வீதம். 60,000 சம்பளத்துக்கு உம்முடைய 4,800, அவர்களுடைய 7,200, பிறகு 1,800. சில இடங்களில் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று போட்டு மிச்சத்தை வேறு பெயரில் தருவார்கள். அப்போது அந்த 7,200 பாதியாகிவிடும். ஆகவே கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாரும், அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கும். காசு கழிக்கிறார்கள் ஆனால் நிதியத்துக்குப் போகவில்லை என்றால் யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தில் போய் முறையிடலாம். டிப்பர்காரரும் லொறி முதலாளியும் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள். ஒரேயொரு ஆளை வேலைக்கு வைத்தாலும் கட்டத்தான் வேண்டும். லோட்டுக் கணக்கில் தருகிற காசுக்கும் அது உண்டு.

இனிக் கொழும்பு. உம்முடைய மனம் அங்கேதான் நிற்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. எனக்கும் உம் வயதில் அப்படித்தான். இரவு சாமானைக் கட்டிப் புறப்பட்டு, முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானையும் வாங்கிக்கொண்டு ஏறினால் வருகிற சந்தோசம் வேறு. ஆனால் கணக்கைப் பாரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போய் வர 800. வாரத்துக்கு மூன்று ட்ரிப் என்றால் 2,400. பாரம் ஏற்றிய லொறி, ஒரு வழிக்கு ஒன்பது பத்து மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் ஏற்றுகிற நேரம், இறக்குகிற நேரம், திரும்பி வரும் லோட்டுக்குக் காத்திருக்கிற நேரம் அடங்கவில்லை. ஒற்றைச் சாரதியை வைத்து வாரத்துக்கு மூன்று ஓட்டச் சொல்கிறவர் உம்முடைய நித்திரையை விற்றுத்தான் லாபம் பார்க்கிறார். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் விடியப்புறம் நடக்கிற விபத்துகள் பலவற்றில் வீதியில் ஒரு பிழையும் இருக்காது, பாதை நேரானது. நேரான பாதைதான் கண்ணைச் சொக்க வைக்கும். அதோடு ஏ9 இல் இரவில் மாடு படுத்திருக்கும், புத்தளம்–அநுராதபுரம் வீதியில் யானை நிற்கும். இரண்டும் வெளிச்சத்துக்கு விலகாது.

ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவு: லொறிக்கு ஒரு சாரதியா, இரண்டா? வாரத்துக்கு எத்தனை ட்ரிப்? கொழும்பில் படுக்க இடம் எது, லொறிக்குள்ளேயா? வரும் லோட் கிடைக்காமல் இரண்டு நாள் நின்றால் அந்த இரண்டு நாளுக்கும் சாப்பாட்டுக் காசாவது உண்டா? நடுவழியில் உடைந்தால் யாருக்கு அடிப்பது, எந்தக் கராஜில் அவருக்குக் கணக்கு இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல முதலாளி வவுனியாவில் இன்னார், தம்புள்ளையில் இன்னார் என்று பெயரோடு சொல்லுவார். யோசிக்கிறவரிடம் அந்த ஏற்பாடு இல்லை.

லொறி லீசிங்கில் நிற்கிறதா என்று நேரே கேட்டால் கோபிப்பார். பக்குவமாக விசாரியும். நாலு லொறியும் லீசிங்கில் என்றால் மாதாமாதம் தவணை கட்டவேண்டும், லொறி ஒரு நாள் நின்றாலும் அவருக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு உம்முடைய காலுக்கு, அதாவது எக்ஸிலேட்டருக்கு வந்து சேரும். மனிதர் கெட்டவர் என்றில்லை, நெருக்கடி அப்படி. 2022 இல் டீசலுக்கு எரிபொருள் நிரப்பும் செட் வாசலில் நாட்கணக்காக லொறிகள் வரிசையில் நின்றபோது இது எனக்கு நன்றாக விளங்கியது. அந்த நாட்களிலும் சாரதிக்கு அரைச் சம்பளமாவது கொடுத்த முதலாளிமார் இருந்தார்கள். அவர்களிடம் அன்று வேலை பார்த்த பலர் இன்றைக்கும் அவர்களோடுதான். கொழும்பு முதலாளியிடம் 2022 இலிருந்து நிற்கிற சாரதி ஒருவராவது இருந்தால் எனக்கு அது பெரிய அத்தாட்சி.

முதலாளியிடம் கேட்பதை விட மற்றவர்களிடம் கேட்டால்தான் உண்மை வரும். அவருடைய லொறிகளைத் திருத்துகிற கராஜ் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம் போய் ஒரு பிளேன்டீ குடியும். உடைந்த பிறகுதான் கொண்டு வருகிறாரா, உடைய முன்னமே கொண்டு வருகிறாரா என்று பாஸ் சொல்லுவார். டயர்க் கடைக்காரனுக்கு இன்னும் தெரியும், யார் புது டயர் போடுகிறார், யார் மறுபடி ரப்பர் ஒட்டினதை முன் சில்லுக்கே போடுகிறார், யார் கடன் வைத்திருக்கிறார் என்று. டயர்க் கடையில் கடன் வைத்திருப்பவர் சாரதிக்கும் கடன் வைப்பார். பிறகு, கடைசியாக விலகின சாரதியைத் தேடிப் பிடியும். அவர் சொல்வதில் பாதி கோபமாக இருக்கும், அதைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் உமக்கு உதவும். ஒரு வருடத்தில் ஒரே லொறிக்கு நாலு சாரதி மாறியிருந்தால் அந்த லொறிக்கு நீர் ஐந்தாவது.

லொறியையும் பாரும். ஓட்டிப் பார்க்கத் தருகிறோம் என்றால் உடனே ஏறி ஓடிக் காட்ட வேண்டாம். முதலில் சுற்றி வாரும். டயர், சில்லு நட்டு, லைட், படங்கு. எயார் பிறேக் லொறி என்றால் இஞ்சினை நிற்பாட்டிவிட்டு பிறேக்கை நாலைந்து தரம் மிதித்து எயார் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பாரும், எயார் குறையும்போது எச்சரிக்கைச் சத்தம் வருகிறதா என்றும் பாரும். எயார் தாங்கியின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது, அந்த லொறியை எவ்வளவு காலம் ஒருவரும் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் நாலும் திகதி முடியாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாரும். "பொடியன் கடும் ஆள்" என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். என்னிடம் வந்த ஒருவன் படங்கை விரித்துப் பார்த்தான். அடுத்த நாளே வரச் சொன்னேன்.

உம்முடைய லைசன்ஸில் எந்த வகுப்பு இருக்கிறது என்று எழுதவில்லை. 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை மொத்த எடையுள்ள லொறிக்கு சி1, அதற்கு மேல் சி, பின் பெட்டி இழுக்கிற ப்ரைம் மூவருக்கு சிஈ. ஆறு சில்லு லொறிகள் பெரும்பாலும் சி1 இல் அடங்கிவிடும். பத்துச் சில்லு என்றால் சி வேண்டும். "பரவாயில்லை, ஓடும்" என்று வகுப்பு மாறின வாகனத்தைத் தருகிறவர் உம்மைக் கிடங்கில் தள்ளுகிறார். ஒன்று நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும், பிறகு எல்லோரும் உம்முடைய முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், கனரக லைசன்ஸ் 4 வருடத்துக்கு ஒருமுறை வைத்தியச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும், திகதியைக் கொப்பியில் எழுதி வையும்.

கொப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கே சேர்ந்தாலும் ஒரு கொப்பி வையும். புறப்பட்ட நேரம், மீற்றர், அடித்த டீசல், ஏற்றின மூடை, இறக்கின மூடை, நின்ற நேரம், ஏன் நின்றது. டீசல் குறைகிறது என்று சாரதியைச் சந்தேகப்படாத முதலாளி நான் உட்பட ஒருவரும் இல்லை. சந்தேகம் வருகிற அன்றைக்கு அந்தக் கொப்பிதான் உமக்குச் சாட்சி.

தண்டக் காசைப் பற்றியும் முதல் நாளே கதைத்துவிடும். வேகத்துக்கும் இருக்கைப் பட்டி போடாததுக்கும் சாரதி கட்டுவது நியாயம். பாரம் கூடினதுக்கும் லைட் எரியாததுக்கும் முதலாளி கட்ட வேண்டும். பொலிஸ் லைசன்ஸை எடுத்துக்கொண்டு பத்திரம் தந்தால் தபாற்கந்தோரில் கட்டி மீட்க 14 நாள்தான். இப்போது போனிலேயே கட்டவும் வழி வந்திருக்கிறது, இல்லாவிட்டால் புத்தளத்தில் பிடித்ததை எடுக்கத் திரும்பப் புத்தளத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் போக்குவரத்துச் செலவு யாருடையது? இன்னொன்று, லைசன்ஸையோ அடையாள அட்டையையோ "பாதுகாப்புக்கு" வாங்கி வைக்கிற முதலாளியிடம் கால் வைக்கவே வேண்டாம். பெரிய தொகை முற்பணம் தருகிறேன் என்பவரும் அதே சாதிதான், கையில் விலங்கு போடுகிற விதம் மட்டும் வேறு.

ஒரு வருடம் ஓடிவிட்டுக் கனடா போகலாம் என்றும் எழுதியிருந்தீர். என் மச்சான் ஒருவர் பிரம்ரனில் ட்ரக் ஓடுகிறார். இங்கே ஓடின அனுபவத்தைக் காட்டி அங்கே நேரே ஏற முடியாது. ஒன்ராறியோவில் பெரிய ட்ரக்குக்கான லைசன்ஸ் எடுக்க 2017 இலிருந்து குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். அங்கேயும் புதுச் சாரதிமார் மைலுக்கு எத்தனை சதம் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். களஞ்சிய வாசலில் நாலு மணித்தியாலம் நிற்கிற நேரத்துக்குக் காசு உண்டா என்று கேட்கிறவர்கள் குறைவு. சில இடங்களில் சாரதியையே ஒரு கொம்பனியாகப் பதியச் சொல்லி, முதலாளி கட்ட வேண்டியதையெல்லாம் சாரதி தலையில் கட்டுகிறார்களாம். எங்களுடைய ஆட்களும் செய்கிறார்கள் என்று மச்சானுக்குக் கோபம். ஏஜென்சி மூலம் வெளிநாடு போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சி பதிந்திருக்கிறதா என்று பாராமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

என் எண்ணம் கேட்டால், விநியோகக் கொம்பனியில் பெரிய லொறியும் இருந்து, சேமலாப நிதியம் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்றால் முதல் வருடம் அங்கே. மாதம் நாற்பதாயிரம் குறைகிறதே என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஒரு லட்சம் லொறி ஒரு நாளும் நிற்காத மாதத்துக் கணக்கு, மாரியில் டிப்பர்காரரிடம் திரும்பக் கேட்டுப் பாரும். கொழும்பு முதலாளி இரண்டு சாரதி போட்டு, பழைய சாரதி ஒருவரோடு முதல் இரண்டு மாதம் உம்மை ஏற்றிவிடச் சம்மதித்தால் நான் அதற்கும் தடை சொல்ல மாட்டேன். பழைய ஆளுக்குப் பக்கத்தில் இருந்து ஓடுகிற இரண்டு மாதம் தனியே ஓடுகிற இரண்டு வருடத்துக்குச் சமம். தனியேதான் ஓட வேண்டும் என்றால் ஒரு வருடம் கழித்து வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாரும், நல்ல சாரதிக்கு அவரிடம் அடுத்த வருடமும் இடம் இருக்கும்.

கொம்பனியிலிருந்து கடிதம் வந்தால் கையெழுத்து வைக்க முன்னம் பெயர்களை மறைத்து எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பும், பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் உடனே பதில் வரும். மற்ற நாட்களில் ஏதாவது ஒரு லொறி எங்கேயாவது நிற்கும், நான் போனில் நிற்பேன்.